மரண தியானத்தைப் பிணத்திலிருந்து தொடங்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வந்த மரண தியானக் கட்டுரையைப் படித்தோம். சாவு என்ற சொல்லை எடுத்தாலே 'வாயைக் கழுவு' என்று அதட்டும் வீடுகள் நிறைந்த ஊரில் அதற்கு இடம் கொடுத்தீர்கள், நன்றி. ஆனால் அதில் சொல்லியிருந்த பயிற்சி முறை எங்களைக் கவலைப்பட வைத்தது. இரவில் விளக்கை அணைத்துப் படுத்துக்கொண்டு, தன் உடல் வீங்கி அழுகிப் புழு வைப்பதாகப் பத்து நிமிடம் கற்பனை செய்யச் சொல்கிறது கட்டுரை. புத்தர் கற்பித்த முறை இதுவே என்றும் சொல்கிறது. புத்தரின் பேச்சுகளைப் பாலி மொழியில் காத்துவரும் சூத்திரங்களைக் கூடிப் படித்து வருகிறவர்கள் நாங்கள். அந்தக் காட்சி சூத்திரத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் எந்த வரிசையில், யாருக்கு, எதற்குப் பிறகு அது சொல்லப்பட்டது என்பதைக் கட்டுரை விட்டுவிட்டது.

இந்தச் சூத்திரங்களின் தொகுப்புகளுக்கு நிகாயம் என்று பெயர். அவற்றில் ஒன்றான மஜ்ஜிம நிகாயத்தின் பத்தாவது சூத்திரம் சதிபட்டானம். அதில் உடலைக் கவனிக்கும் பகுதி ஆறு படிகளாக இருக்கிறது. முதலில் மூச்சு. அடுத்து நடப்பது, நிற்பது, உட்கார்வது, படுப்பது. மூன்றாவது, குனிவது நிமிர்வது உண்பது உடுத்துவது என எதைச் செய்தாலும் தெரிந்து செய்வது. நான்காவது, தலைமயிரில் தொடங்கி உடலின் 31 கூறுகள். ஐந்தாவது மண், நீர், தீ, காற்று. சுடுகாட்டுப் பிணத்தின் ஒன்பது நிலைகள் ஆறாவதாக, எல்லாவற்றுக்கும் கடைசியில் வருகின்றன. வீங்கி நீலம் பாரித்த உடலில் தொடங்கி, காக்கையும் நாயும் தின்ற உடல், சதை ஒட்டிய எலும்புக்கூடு, சிதறிய எலும்பு, சங்கு போல வெளுத்த எலும்பு என்று போய், பொடியாகிப்போன எலும்பில் முடிகிறது. ஒவ்வொரு நிலையிலும் திரும்பத் திரும்ப வருவது ஒரே எண்ணம்தான்: 'இந்த உடலும் இதே இயல்புடையது, இதற்குத் தப்பியது அல்ல.' அருவருப்பைக் கிளப்பி அதிலேயே உட்கார்ந்திருக்க அங்கே சொல்லவில்லை.

அருவருப்பில் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சூத்திரங்கள் மறைக்கவில்லை. சங்யுத்த நிகாயம் 54.9-ஐக் கட்டுரையாளர் படித்திருக்க வேண்டும். வைசாலியில் புத்தர் உடலின் அழகின்மையைப் பற்றித் துறவிகளுக்கு விரிவாகச் சொல்லிவிட்டு அரை மாதம் தனித்திருக்கப் போகிறார். அந்தப் பயிற்சியில் மூழ்கிய துறவிகள் பலர் தங்கள் உடலையே வெறுத்து உயிரை மாய்த்துக்கொள்கிறார்கள். திரும்பி வந்தவர், துறவிகளின் சங்கம் ஏன் இப்படிக் குறைந்து கிடக்கிறது என்று தம் அணுக்கச் சீடர் ஆனந்தரிடம் கேட்கிறார். ஆனந்தர் காரணத்தைச் சொல்லி, வேறு முறை ஒன்றைக் கற்பிக்கும்படி வேண்டுகிறார். அப்போது புத்தர் எல்லோரையும் கூட்டிக் கொடுத்தது மூச்சைக் கவனிக்கும் பயிற்சி. கோடையின் கடைசி மாதத்தில் எழுந்த புழுதியைப் பருவம் தப்பி வந்த பெருமழை அடக்குவதுபோல் அது தீய எண்ணங்களை அடக்கும் என்கிறார். இதே நிகழ்ச்சி துறவிகளின் ஒழுங்கு விதிகளைச் சொல்லும் விநய நூலிலும் இருக்கிறது, சீன மொழியில் காக்கப்பட்ட ஆகமம் என்ற பௌத்தச் சூத்திரத் தொகுப்பிலும் இருக்கிறது. ஆசிரியர் அருகில் இல்லாத அந்தச் சில நாட்களில் துறவிகளுக்கே இந்த நிலை. நாளிதழைப் பார்த்துவிட்டு அடுக்குமாடி வீட்டில் தனியாக முயல்கிறவருக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

மனச்சோர்வில் இருப்பவர்கள், அண்மையில் ஒருவரைப் பறிகொடுத்தவர்கள், தூக்கமில்லாமல் தவிப்பவர்கள், 'எதற்கு இந்த உயிர்' என்ற நினைப்பு வந்துபோகிறவர்கள் பிணப் பயிற்சியின் பக்கமே போகக் கூடாது. அவர்களுக்கு முதல் வேலை மருத்துவரைப் பார்ப்பது. தமிழக அரசின் மருத்துவ உதவிக்கான 104, மத்திய அரசின் மனநல உதவிக்கான டெலி மானஸ் 14416 என்ற எண்களில் எந்நேரமும் பேசலாம். இந்தப் பொருளில் எது வெளியிட்டாலும் அதன் கீழே இந்த இரண்டு எண்களையும் அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இல்லறத்தார் தொடங்க வேண்டிய இடம் அங்குத்தர நிகாயம் 5.57. பெண்ணானாலும் ஆணானாலும், இல்லறத்தில் இருந்தாலும் துறவியானாலும் அடிக்கடி எண்ணிப் பார்க்க வேண்டியவை என்று ஐந்தை அது சொல்கிறது. மூப்பு என் இயல்பு, அதற்கு நான் தப்பவில்லை. நோய் என் இயல்பு, அதற்கு நான் தப்பவில்லை. சாவு என் இயல்பு, அதற்கு நான் தப்பவில்லை. எனக்குப் பிரியமான, மனத்துக்கு இனிய அனைத்திலிருந்தும் நான் பிரிந்தாக வேண்டும். என் செயலுக்கு நானே உரிமை, நல்லதோ கெட்டதோ நான் செய்வதற்கு நானே வாரிசு. முதல் மூன்றும் இளமை, உடல்நலம், உயிர் ஆகியவற்றின் மேல் நமக்கிருக்கும் செருக்கைக் குறைப்பதற்கு. நான்காவது பற்றுக்கு. ஐந்தாவது நடத்தைக்கு. பட்டியல் சாவோடு நிற்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சாவுக்குப் பிறகு பிரிவு, பிரிவுக்குப் பிறகு இன்று நான் என்ன செய்கிறேன் என்ற கேள்வி. ஐந்தையும் சேர்த்துச் செய்தால்தான் பயிற்சி நிமிர்ந்து நிற்கும். மூன்றாவதை மட்டும் பிய்த்து எடுத்தால் கலக்கம் மிஞ்சும்.

செய்முறை எளியது. காலையில், வீடு பரபரப்பாவதற்கு முன், நாற்காலியிலோ பாயிலோ நிமிர்ந்து உட்காருங்கள். இரண்டு மூன்று நிமிடம் மூச்சை மட்டும் கவனியுங்கள். பிறகு ஒவ்வொரு வாக்கியத்தையும் வாய்விட்டு ஒருமுறை, மனத்துக்குள் ஒருமுறை சொல்லி, மூன்று மூச்சு விட்டு அடுத்ததற்குப் போகலாம். பாலியில் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வீட்டில் பேசும் தமிழில் சொன்னால் இன்னும் நன்றாகப் பதியும். எல்லாம் சேர்த்து எட்டுப் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். முதல் இரண்டு வாரம் வெறும் சொல்லாகத்தான் இருக்கும், அதில் தவறில்லை. பஸ்ஸில் நரைத்த தலையைப் பார்க்கும்போதோ, ரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் வாங்கும்போதோ அந்த வாக்கியம் தானாக எழும். அப்போதுதான் அது வேலை செய்யத் தொடங்குகிறது.

நான்காவதில் ஓர் எச்சரிக்கை. எடுத்தவுடன் பெற்ற பிள்ளையை நினைக்காதீர்கள். முதலில் பொருட்கள்: குடியிருக்கும் வாடகை வீடு, ஓட்டும் வண்டி, இருபது வருடமாகப் பார்த்துவரும் வேலை. சில வாரம் கழித்துப் பழகிய மனிதர்கள். அதற்கும் பிறகே வீட்டில் உள்ளவர்கள். இந்த வரிசை சூத்திரத்தில் இல்லை, நாங்கள் சொல்வது. ஆனால் இதற்கான காரணம் 5-ஆம் நூற்றாண்டில் உரையாசிரியர் புத்தகோசர் எழுதிய விசுத்திமார்க்கம் என்ற பயிற்சி விளக்க நூலில் இருக்கிறது. சாவைத் தவறாக நினைத்தால் நான்கு விதமாகக் கெடும் என்கிறார் அவர். அன்பானவரின் சாவை நினைத்தால் துயரம் எழும். வேண்டாதவரின் சாவை நினைத்தால் உள்ளுக்குள் மகிழ்ச்சி எழும். யாரோ ஒருவரின் சாவை நினைத்தால், பிணம் எரிப்பவருக்குப் பிணம் பழகிப்போவதுபோல், ஒன்றும் எழாது. தன் சாவை நினைத்தால் அச்சம் எழும். ஆகவே செல்வமும் புகழுமாக நாம் பார்த்த, இப்போது இல்லாத மனிதர்களை நினைக்கச் சொல்கிறார். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டாத சுவர் இல்லாத சென்னையில் இதற்குத் தனியாக எங்கும் போக வேண்டாம். தெருமுனைச் சுவரில் சிரித்துக்கொண்டிருக்கும் அந்த முகத்தின் முன் மூன்று மூச்சு நின்று, 'இவருக்கும் நேற்று ஒரு திட்டம் இருந்தது' என்று எண்ணினால் போதும்.

ஐந்து வாக்கியங்களைச் சொன்ன 5.57 சூத்திரத்தின் இரண்டாம் பாதியைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். 'மூப்பும் சாவும் பிரிவும் எனக்கு மட்டும் அல்ல, வந்து போகும் எல்லா உயிர்களுக்கும் இதுவே' என்று விரித்து எண்ணுவது அது. விடுதலைக்கான வழி அந்த இடத்தில்தான் பிறக்கிறது என்று சூத்திரமே சொல்கிறது. இந்தப் பாதியை விட்டால் பயிற்சி தன்னிரக்கமாகச் சுருங்கிவிடும். பல மாதம் செய்தும் மனம் கனத்துக்கொண்டே போகிறது என்பவர்களிடம் கேட்டால், பெரும்பாலும் 'எனக்கு' என்பதோடு நிறுத்தியிருப்பார்கள்.

மாலைக்கு உரியது அங்குத்தர நிகாயம் 6.20. பகல் போய் இரவு வரும் நேரத்தில் எண்ண வேண்டியது: நான் சாவதற்குக் காரணங்கள் பல. பாம்போ தேளோ பூரானோ கடிக்கலாம், தடுக்கி விழலாம், உண்டது செரிக்காமல் போகலாம், பித்தமோ கபமோ வாதமோ கெடலாம். நகரத்தில் இருப்பவர்கள் இந்தப் பட்டியலில் சாலையைச் சேர்த்துக்கொள்ளலாம். அடுத்த கேள்விதான் பயிற்சியின் உயிர்: இன்றிரவு நான் இறந்தால் எனக்குத் தடையாக நிற்கக்கூடிய, இன்னும் விடாத தீய குணம் ஏதாவது என்னிடம் உண்டா? உண்டு என்றால், தலையில் தீப்பற்றியவன் அதை அணைக்கத் துடிப்பதுபோல் முயல வேண்டும். இல்லை என்றால் மகிழ்ச்சியோடு இருந்து பயிற்சியைத் தொடர வேண்டும். சூத்திரம் வெளிப்படையாகவே மகிழ்ச்சி என்கிறது! மரண தியானம் என்றால் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்வது என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. அன்று ஒருவரிடம் கடுஞ்சொல் சொல்லியிருந்தால் படுக்கப் போகுமுன் போன் செய்து மன்னிப்புக் கேட்பது இந்தப் பயிற்சியில் அடங்கும். கொடுக்க வேண்டிய கடனை எழுதிவைப்பதும் அடங்கும். இதைப் படுக்கையில் செய்யாமல் விளக்கு வைக்கும் நேரத்தில் செய்யுங்கள். கண்ணை மூடும் நேரத்தில் செய்தால் பலருக்குத் தூக்கம் போய்விடுகிறது.

இதற்கு முந்தைய 6.19 சூத்திரம் இன்னும் கூர்மையானது. நாதிகம் என்ற ஊரில் ஆறு துறவிகள் தாங்கள் எப்படிச் சாவை நினைக்கிறோம் என்று சொல்கிறார்கள். ஒரு பகலும் இரவும் வாழ்ந்தால் போதும் என்கிறார் ஒருவர். ஒரு பகல், ஒரு வேளை உண்ணும் நேரம், நாலைந்து கவளம் மெல்லும் நேரம், ஒரு கவளம் மெல்லும் நேரம், ஒரு மூச்சு என்று அந்த அளவு குறைந்துகொண்டே வருகிறது. கடைசி இருவர்தான் விழிப்போடு இருக்கிறார்கள் என்கிறார் புத்தர். இல்லறத்தார் இதை ஒரு சோற்றுக் கவளத்தில் செய்து பார்க்கலாம்: செல்பேசியைத் தள்ளிவைத்துவிட்டு, முதல் கவளத்தை முழுதாக மென்று விழுங்கும்வரை வேறு எதுவும் இல்லை. மூச்சை வைத்துச் செய்வதைப் பதற்ற நோய் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். 'அடுத்த மூச்சு வராவிட்டால்' என்ற எண்ணமே அவர்களுக்கு மூச்சு முட்ட வைக்கும்.

இனி நோயாளியின் படுக்கை அருகே பேசுவது. கட்டுரை இதைத் தொடவே இல்லை. நம் குடும்பங்களில் மிகவும் தேவைப்படுவதும், மிகவும் மோசமாக நடப்பதும் இதுதான். அங்குத்தர நிகாயம் 6.16-ல் நகுலபிதா என்ற இல்லறத்தார் கடும் நோயில் கிடக்கிறார். அவர் மனைவி நகுலமாதா, 'கவலையோடு சாகாதீர்கள், கவலையோடு சாவது துன்பம்' என்று சொல்லிவிட்டு, அவர் மனத்தில் இருக்கக்கூடிய கவலைகளைத் தானே ஒவ்வொன்றாக எடுக்கிறாள். பிள்ளைகளை வளர்க்க முடியாது என்று நினைக்கிறீர்களா? எனக்குப் பஞ்சு நூற்கத் தெரியும், கம்பளி சிக்கெடுக்கத் தெரியும், வீட்டை நடத்துவேன். நான் வேறொருவரை நாடுவேன் என்று நினைக்கிறீர்களா? மாட்டேன். உங்களுக்குப் பிறகு புத்தரையும் சங்கத்தையும் பார்க்க மாட்டேன், ஒழுக்கத்தை விடுவேன், மனஅமைதி எனக்கு வாய்க்காது, தர்மத்தில் ஊன்றி நிற்கமாட்டேன் என்று நினைக்கிறீர்களா? அப்படி எதுவும் ஆகாது. ஆறு கவலைகளுக்கும் ஆறு உறுதிகள். அவர் அந்த நோயிலிருந்து எழுந்து தடியூன்றிப் புத்தரைப் பார்க்கப் போகிறார் என்பது பின்கதை.

'ஒண்ணும் ஆகாது, சும்மா இருங்க' என்று வாயை அடைப்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள். நம் வீடுகளில் இதைச் செய்ய வேண்டுமானால், பேசப்போகிறவர் முன்கூட்டியே தயாராக வேண்டும். மகளின் கல்யாணமா, வீட்டுக் கடனா, தம்பியோடு பேச்சில்லாததா என்று அவருடைய கவலைகளை ஊகித்து, ஒவ்வொன்றுக்கும் உண்மையாகத் தரக்கூடிய உறுதி எது என்று பார்க்க வேண்டும். தர முடியாத உறுதியைத் தரக் கூடாது. தம்பியை அழைத்துவர முடியும் என்றால் அழைத்துவந்துவிட்டுப் பேசுங்கள். ஐசியுவில் பார்வையாளர் நேரம் குறைவு. ஒருவர் மட்டும் போய், ஒரு கவலையை மட்டும் எடுத்து, மெல்லப் பேசிவிட்டு வரலாம். வலி தணியாமல் இருக்கும்போது எந்த உபதேசமும் வேண்டாம். மஜ்ஜிம நிகாயம் 143-ல், நோயுற்ற அநாதபிண்டிகர் என்ற இல்லறச் சீடரைப் பார்க்க வந்த, புத்தரின் தலைமைச் சீடர் சாரிபுத்தரின் முதல் கேள்வி, வலி குறைகிறதா கூடுகிறதா என்பதுதான்.

சங்யுத்த நிகாயம் 55.54 இதற்கு அடுத்த படி. மகாநாமர் என்ற சாக்கியர், நோயுற்ற உபாசகரிடம், அதாவது இல்லறப் பௌத்தரிடம், இன்னொரு உபாசகர் எப்படிப் பேச வேண்டும் என்று புத்தரைக் கேட்கிறார். முதலில் புத்தர், தர்மம், சங்கம், ஒழுக்கம் என்ற நான்கிலும் அவருக்கு இருக்கும் உறுதியை நினைவூட்ட வேண்டும். பிறகு பெற்றோரைப் பற்றிய ஏக்கம் உண்டா என்று கேட்க வேண்டும். இருந்தால், ஏங்கினாலும் ஏங்காவிட்டாலும் சாவு வரும், ஆகவே விடுவது நல்லது என்று சொல்ல வேண்டும். அதன்பின் மனைவி மக்கள், பிறகு இன்பங்கள், பிறகு தேவலோகங்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே மேலே போகிறது. இது இரண்டு தேர்ந்த உபாசகர்களுக்கு இடையிலான பேச்சு. ஆயுள் முழுக்க முருகனைக் கும்பிட்ட பாட்டியிடம் இதை ஒப்பிக்கக் கூடாது. அவர் நம்பிக்கை எதில் ஊன்றியிருக்கிறதோ அதை நினைவூட்டுவதே முதல் படியின் சாரம் என்பது எங்கள் கருத்து.

துக்க வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'அழாதே, எல்லாம் அநித்தியம்' என்று பௌத்தத்தின் பெயரால் சொல்கிறவர்கள் தீக நிகாயம் 16-ஐப் பார்க்கட்டும். புத்தரின் கடைசி நாளில் ஆனந்தர் கதவருகே சாய்ந்து நின்று அழுகிறார். புத்தர் அவரை அழைத்து, பிரியமானவற்றிலிருந்து பிரிவு உண்டு என்று முன்பே சொல்லியிருக்கிறேனே என்கிறார். அதோடு நிறுத்தவில்லை. இத்தனை காலம் உடலாலும் சொல்லாலும் மனத்தாலும் அன்போடு நீ செய்த பணி பெரிது என்று சொல்லி, கூடியிருந்த துறவிகள் முன் அவரைப் பாராட்டுகிறார். சாரிபுத்தர் இறந்த செய்தி வந்தபோது தன் உடல் மயக்கம் கொண்டதுபோல் ஆயிற்று, திசை தெரியவில்லை, கற்றதும் நினைவுக்கு வரவில்லை என்று ஆனந்தர் சொல்வது சங்யுத்த நிகாயம் 47.13-ல் இருக்கிறது. துயரம் உடலை என்ன செய்யும் என்பதற்கு இதைவிடச் சரியான விவரணை வேண்டியதில்லை. அதற்காக அவர் கடிந்துகொள்ளப்படவில்லை.

இறந்த பிள்ளையை எழுப்ப, சாவே காணாத வீட்டுக் கடுகு கேட்டு வீடுவீடாகப் போன கிசா கோதமி கதை எல்லோருக்கும் தெரியும். அது பிற்கால உரைகளில் வருவது. பெண் துறவிகளின் பாடல் தொகுப்பான தேரிகாதையில் கோதமியின் பாடல்கள் உண்டு, கடுகு இல்லை. கதை அருமையானதுதான், ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் அன்றே போய்ச் சொல்வதற்கு உரியது அல்ல. மணிமேகலையின் 'உடற்கு அழுதனையோ உயிர்க்கு அழுதனையோ' என்ற வரியும் அப்படித்தான். தன்னைச் சிறைவைத்து வருத்திய அரசிக்கு, முற்பிறவி உறவையும் விளக்கிச் சொல்லும் நீண்ட உரையின் நடுவே வருவது அது. தனியே பிடுங்கிப் படத்திறப்பு மேடையில் சொன்னால் குத்தலாகத்தான் கேட்கும்.

துயரத்தில் இருப்பவருக்கு உகந்தது அங்குத்தர நிகாயம் 5.50. பாடலிபுத்திரத்தில் முண்டன் என்ற அரசன், அரசி பத்தா இறந்ததும் குளிக்காமல், உண்ணாமல், வேலை பார்க்காமல் கிடக்கிறான். அவளை இன்னும் சில காலம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று உடலை எண்ணெய் நிரப்பிய இரும்புத் தொட்டியில் வைக்கச் சொல்கிறான். வெளிநாட்டிலிருந்து பிள்ளை வரும்வரை ஐஸ் பெட்டியருகே உட்கார்ந்திருக்கும் குடும்பங்களுக்கு இந்த மனம் புரியும். நாரதர் என்ற துறவி அவனுக்கு, மூப்பது மூக்கக் கூடாது, சாவது சாகக் கூடாது என்பவை யாருக்கும் கிடைக்காதவை என்று விளக்குகிறார். துயரத்தில் கிடந்தால் உணவு இறங்காது, உடல் வாடும், வேலை நிற்கும், பகைவர் மகிழ்வர், நண்பர் வருந்துவர். மந்திரத்தாலோ தானத்தாலோ குல வழக்கத்தாலோ வேண்டியது கிடைக்கும் என்றால் அதைச் செய். கிடைக்காது என்று தெளிந்தால், இனி நான் செய்ய வேண்டிய வேலை என்ன என்று கேள். அரசன் உடலை எரிக்கச் சொல்லிவிட்டு, இன்று முதல் குளிப்பேன், உண்பேன், வேலையைப் பார்ப்பேன் என்கிறான். காரியம் முடிந்து உறவினர்கள் கலைந்துபோன பதினேழாம் நாளில்தான் துயரம் உண்மையாக வந்து உட்காரும். துக்கம் விசாரிக்கப் போகிறவர்கள் அன்று போங்கள். குளித்தார்களா, சாப்பிட்டார்களா என்று பாருங்கள், வாரிசுச் சான்றிதழுக்கோ வங்கிக்கோ உடன் செல்லுங்கள்.

ஆசிரியருக்கு எங்கள் கோரிக்கை இது. 1907-லேயே அயோத்திதாசர் ராயப்பேட்டையிலிருந்து வாரப் பத்திரிகை நடத்திப் பௌத்தம் பேசிய ஊர் சென்னை. எழும்பூர் கென்னட் சந்தில் மகாபோதி சங்கம் இருக்கிறது. இங்கே இதைப் படிக்க ஆள் உண்டு. இனி வெளியிடும் கட்டுரைகளில் 'புத்தர் சொன்னார்' என்று வரும் இடத்திலெல்லாம் நிகாயமும் சூத்திர எண்ணும் கேட்டு வாங்குங்கள். சூத்திரம் எது, உரைக் கதை எது, எழுதுகிறவரின் கருத்து எது என்று பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு 5.57, 6.16, 6.20, 5.50 என்ற அங்குத்தர நிகாயத்து நான்கும் ஆறு மாதத்துக்குப் போதும். பிணப் பயிற்சி அதற்குப் பிறகு, அதுவும் நேரில் ஓர் ஆசிரியரிடம். அடுத்த கட்டுரைகளின் சூத்திர மேற்கோள்களைச் சரிபார்க்க ஆள் வேண்டுமென்றால் நாங்கள் ஊதியமின்றிச் செய்து தருகிறோம்.

இப்படிக்கு,
பாலி சூத்திரங்கள் படித்துவரும் வாசகர்கள்,
பெரம்பூர், சென்னை 600 011.